பத்து நிமிடக் குகை

எலிஹியோ அர்மெந்தாரிஸ் பதினாறு வருஷம் ஓர் இரும்புக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தரைக்குக் கீழே முந்நூறு மீட்டர் ஆழத்தில் இருந்தது அந்தக் கதவு. காலை ஆறரைக்கு, சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் என் வேனில் ஏறுவார். சுற்றிச் சுற்றி இறங்கும் சுரங்கப் பாதையில் இருபது நிமிடம். இறங்கும்போது "சரி, தொரிபியோ" என்பார். மதியம் மூன்றுக்குத் திரும்ப மேலே வந்து இறங்கும்போதும் அதே "சரி, தொரிபியோ". நான் தலையை ஆட்டுவேன். அவரிடம் ஊரில் யாரும் அதற்கு மேல் பேசுவதில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சாந்தா ரூஃபினா ஈயச் சுரங்க ஊர். ஒரு நாள் புதுப்பாதை வெட்டியவர்கள் பாறையில் ஒரு பொந்தை உடைத்துவிட்டார்கள். உள்ளே விளக்கை நீட்டிப் பார்த்தால் வெள்ளைப் படிகத் தூண்கள். எங்கள் கோயில் தூணைவிடப் பெரியவை, மின்கம்ப நீளத்தில், குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து கிடந்தன. அழகு அவ்வளவு, சூடும் அவ்வளவு. சோளம் வேகும் பானையின் மூடியைத் தூக்கிவிட்டு அதற்குள் முகத்தை வைத்தாற்போல இருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் எப்பேர்ப்பட்ட ஆளும் சுருண்டு விழுவான். கம்பெனி கதவு போட்டுப் பூட்டியது. சாவியை எலிஹியோவிடம் கொடுத்தது. ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால் திறந்துவிட்டு, வாசலிலேயே கடிகாரத்தோடு நின்று "ஆறு நிமிஷம்... எட்டு நிமிஷம்" என்று குரல் கொடுப்பார். வெளியே வரும்போது பை, பிளாஸ்க், பூட்ஸ் எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொல்வார். யாரும் வராத நாள்தான் அதிகம். அன்றெல்லாம் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு மேஜை விசிறி, உரிக்க நாலு ஆரஞ்சு. ரேடியோ அங்கே எடுக்காது.

நிக்கானோர் தண்ணீர் பம்ப் மெக்கானிக். எலிஹியோவுக்கு உயிர் சிநேகிதர். நிக்கானோரின் மகள் மரிஸேலாவை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத் தகப்பன் எலிஹியோதான். அந்த உறவில் ஆண்கள் ஒருவரையொருவர் "கொம்பாத்ரே" என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பில்தான் கறி சுடுவார்கள். மரிஸேலாவுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் வந்தது. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு அது கல்யாணத்துக்கு அடுத்தபடி. மண்டபம், வாத்தியம், இளஞ்சிவப்புக் கவுன், தலையில் கிரீடம், ஊர் முழுக்கச் சாப்பாடு. அந்தக் கிரீடத்தில் வைக்க நிக்கானோருக்குக் குகையின் படிகம் வேண்டியிருந்தது. விரல் நீளத்தில் மூன்றே மூன்று. கதவுக்குப் பக்கத்தில் குழாய் பழுது பார்க்க வந்தவர், எலிஹியோ சாவியை நாற்காலியில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போன நேரத்தில் சட்டென்று உள்ளே நுழைந்து உடைத்து எடுத்து, காபி பிளாஸ்க்குக்குள் போட்டுக்கொண்டார்.

எலிஹியோ திரும்பி வந்தார். பிளாஸ்க்கைத் திறக்கச் சொன்னார்.

"நம்ம குழந்தைக்குத்தான், கொம்பாத்ரே" என்றார் நிக்கானோர். "உன் குழந்தைக்கு."

அங்கே வேறு ஆள் இல்லை. எலிஹியோ கண்ணை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். அவர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாளே நிக்கானோரின் வேலை போயிற்று. விழா நின்றுபோனது. தைத்து முடித்த கவுன் டெலிசியாஸ் ஊரில் தையற்காரி வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதன் பிறகு நடந்ததற்கு யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. எலிஹியோ பார்பர் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். அவர் மனைவி சொகோர்ரோ சோள மாவில் கறி வைத்து அவிக்கும் தமாலேயை வாங்க வெள்ளிக்கிழமைதோறும் வரிசை நிற்கும். அந்த வரிசை கரைந்தது. இரண்டு வருஷம் பார்த்தாள். மகளுக்குப் பிரசவம் என்று ஹுவாரெஸ் நகரத்துக்குப் பதினைந்து நாளைக்குப் போனவள் திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவாள்.

"கிழவா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

"பீன்ஸ்."

"நேத்தும் பீன்ஸ்தான?"

"அதே பீன்ஸ்தான்."

நிக்கானோரின் மனைவி எலோதியா இறந்தபோது எலிஹியோவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கல்லறைத் தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கம், வெயிலில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றதை நான் பார்த்தேன். பக்கத்தில் போய் நிற்கலாமா என்று தோன்றியது. போகவில்லை.

சுரங்கத்தில் ஈயம் தீர்ந்துகொண்டே வந்தது, தண்ணீர் ஊற்று கூடிக்கொண்டே வந்தது. டிசம்பரோடு பம்புகளை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. பம்பு நின்றால் நாலைந்து மாதத்தில் குகை முழுகிவிடும். அந்த அக்டோபரில்தான் மேனேஜர் தலைநகரத்திலிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விலை உயர்ந்த கைக்கடிகாரம் விற்கும் கடைக்காரர்கள். வெள்ளை பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள்தான் தலைமை. என் வேனில்தான் ஏறினார்கள். வேன் முழுக்க அந்த அம்மாளின் வாசனை. அவர்களைத் திரும்பக் கூட்டி வர வேண்டியதால் நானும் கதவருகிலேயே நின்றேன்.

மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். எலிஹியோ கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தரம் படித்தார். கையெழுத்து சரியாக இருந்தது. முத்திரை சரியாக இருந்தது. கதவைத் திறந்தார். இரண்டு ஆட்கள் ரம்பத்தோடு உள்ளே போனார்கள். அந்தப் படிகம் உண்மையில் ரொம்ப மிருது. சுவர்ப் பூச்சுக்குப் போடும் ஜிப்சம்தான் அது, நகத்தாலேயே கீறலாம். பார் சோப்பை அறுப்பது போல ஒரு சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. எலிஹியோ வழக்கம்போல நிமிடம் சொன்னார். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனார்கள். நாலாம் முறை வரும்போது கம்பளியில் சுற்றிய மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் கை நீளம்.

"பிரிச்சுக் காட்டுங்க" என்றார் எலிஹியோ.

மேனேஜர் சிரித்தார். "எலிஹியோ ஐயா, இது நம்ம கம்பெனிப் பொருள். நாமளே குடுத்தது."

"தெரியும் சார். பிரிச்சுக் காட்டணும்."

அந்த அம்மாள் பொறுமையாகக் கம்பளியைப் பிரித்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொடவில்லை. "மூடிக்குங்க" என்றார். அன்று மதியம் வேனில் ஏறியவர் இறங்கும்போது "சரி, தொரிபியோ" சொல்லவில்லை. பதினாறு வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் சொல்லாமல் போனார்.

நவம்பரில் ஓய்வூதியக் காகிதத்துக்காக அவர் சிவாவா நகரத்துக்குப் போனார். இனி நான் சொல்வது அவரே பின்னால் என்னிடம் சொன்னது. காகித வேலை முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடைத்தெருவில் நடந்திருக்கிறார். ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அது கிடந்தது. கறுப்பு வெல்வெட், மேலே அந்தக் கை நீளத் துண்டு, அதன் மேல் சாய்த்து வைத்த ஒரு தங்கக் கடிகாரம். சுற்றிலும் கிறிஸ்துமஸ் பல்புகள். வெளிக்காற்று பட்டு ஓரமெல்லாம் ஏற்கெனவே மங்க ஆரம்பித்திருந்தது. அதை மறைக்கத்தான் அத்தனை பல்பு என்று அவருக்குப் புரிந்தது.

கடைக் காவல்காரன் வந்தான். சின்ன வயது, புது யூனிபார்ம்.

"ஐயா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

"அது என்னன்னு தெரியுமா தம்பி?"

"வாட்ச்சுங்க."

"வாட்ச் இல்ல. கீழ இருக்கிறது."

அவன் திரும்பிப் பார்த்தான். "கண்ணாடி ஏதோ. ஸ்டாண்டு."

"நகத்தால கீறிப் பாரு, கோடு விழும்."

"அதெல்லாம் தொடக் கூடாதுங்க எங்களுக்கு" என்றவன், குரலைத் தாழ்த்தி, "உள்ளேருந்து பாத்துட்டே இருப்பாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எனக்குப் பேச்சு விழும்" என்றான்.

"நீ சொல்றது சரிதான்" என்று எலிஹியோ நகர்ந்துவிட்டார்.

பஸ் இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. காகித உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே நிக்கானோர் வீட்டுக்குப் போனார். வேலை போன பிறகு நிக்கானோர் முற்றத்தில் துணி துவைக்கும் மெஷின் பழுது பார்த்துத்தான் பிழைத்தார். அன்றும் ஒரு மெஷினைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பதினொரு வருஷத்தில் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது.

"வாங்க காவல்காரரே" என்றார் நிக்கானோர். ஒரு காலத்தில் 'நீ' என்றுதான் பேசுவார். "மெஷின் ரிப்பேரா?"

"இல்ல."

"வேற எதையாவது திருடிட்டேன்னு யாராவது சொன்னாங்களா?"

எலிஹியோ ஜன்னலில் கண்டதைச் சொன்னார். அக்டோபரில் வந்தவர்கள், கடிதம், ரம்பம், எல்லாம் சொன்னார். நிக்கானோர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு பெருசு?"

"கை நீளம். மூணு."

"நான் எடுத்தது விரல் நீளம்."

"ஆமா."

"அது மேல வாட்ச் வெச்சிருக்கான்."

"ஆமா."

நிக்கானோர் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல சிரிப்பு இல்லை. அடங்க நேரமாயிற்று. "அப்ப நான் பண்ணது சரின்னு சொல்ல வந்தீங்களா?"

"சரி இல்ல. நீ எடுத்தது தப்புதான்" என்றார் எலிஹியோ. "நான் எழுதிக் குடுத்ததும் இப்ப சரியாப் படல."

"மன்னிப்பு கேக்கிறீங்களா?"

"கேக்கணும்னு நெனச்சுத்தான் வந்தேன். வாயில வரல."

"பின்ன இங்க நின்னு என்ன பண்றீங்க?"

எலிஹியோ காகித உறையை இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "இதைச் சொல்ல எனக்கு வேற ஆள் இல்ல, நிக்கானோர்."

நிக்கானோர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காலால் தள்ளிக் கவிழ்த்துப் போட்டார். எலிஹியோ அதன் மேல் உட்கார்ந்தார். நிக்கானோர் பெல்ட் மாட்டி, மூடி திருகி, மெஷினை ஓட விட்டார். கடைசியில் சொன்னார்: "நான் அந்தக் குகைய ஒழுங்காப் பாத்ததே இல்ல. அன்னைக்கு எனக்கு என் கையும் அந்த மூணு கல்லும்தான் தெரிஞ்சுது. முழுகறதுக்குள்ள ஒரு தடவ பாக்கணும்."

வேலை நீக்கம் ஆனவர்களைச் சுரங்கத்துக்குள் விடக் கூடாது. எலிஹியோவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். டிசம்பர் மூன்றாம் தேதி காலை ஆறரைக்கு வேன் அருகே இரண்டு பேர் நின்றார்கள். எலிஹியோ என்னைப் பார்த்தார். "தொரிபியோ, உனக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடு."

"ஏறுங்க" என்றேன். அவரிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குப் பதினொரு வருஷம் ஆகியிருக்கிறது.

கீழே நானும் வேனை விட்டு இறங்கிக் கூடப் போனேன். கதவு திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. நிக்கானோர் தலை விளக்கோடு உள்ளே போனார். எலிஹியோ வழக்கமான இடத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம்." உள்ளே சத்தமே இல்லை. "மூணு."

"கொம்பாத்ரே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீயும் வா."

பதினாறு வருஷத்தில் எலிஹியோ முழுதாக உள்ளே போனது இரண்டே தடவை, அதுவும் மயங்கிய ஆட்களை இழுத்துவர. கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "பத்துன்னா பத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஆறு சொன்னேன், எட்டு சொன்னேன், பத்து சொன்னேன். யாரும் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே உள்ளே போனேன். மாட்டின் முதுகு அகலத்தில் படுத்துக் கிடந்த ஒரு தூணின் மேல் இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு வெளிச்சம் தூணுக்குத் தூண் தாவி மேலே போய்க் கூரையில் எங்கோ தொலைந்தது. வியர்வை அவர்கள் மோவாயிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அழுகிறார்களா என்று அந்த ஈரத்தில் சொல்ல முடியாது.

"பன்னெண்டு ஆச்சு" என்றேன்.

நிக்கானோர் எழப் பார்த்தார், கால் மடங்கியது. ஆளுக்கொரு பக்கம் தூக்கி வெளியே கொண்டுவந்து விசிறிக்கு முன்னால் கிடத்தினோம். உப்புத் தண்ணீர் குடித்துக் கக்கிவிட்டு மறுபடி குடித்தார். நிறம் திரும்பியதும் எழுந்து உட்கார்ந்து, கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"பாத்துக்கோ."

"எடுத்திருக்கலாமே" என்றார் எலிஹியோ. "நான் பாத்திருக்க மாட்டேன்."

"அவளுக்கு இப்ப இருபத்தாறு வயசு. கல்லை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவா?"

மறுநாள் புனித பார்பரா திருநாள். சுரங்கக்காரர்களுக்கு அவள்தான் துணை. கடைசித் திருநாள் என்று எல்லாருக்கும் தெரியும். டெலிசியாஸ், ஹுவாரெஸ், எல்லைக்கு அப்பால் எல் பாசோ என்று எங்கெங்கோ போனவர்களெல்லாம் திரும்ப வந்திருந்தார்கள். இரண்டு பாண்டு வாத்தியம், தெரு அடைத்து வாணவேடிக்கை. அவள் சிலை வைத்த தேரை வழக்கம்போல எட்டுப் பேர் தோளில் தூக்கினார்கள். முன்பக்க இடது கொம்பு நிக்கானோருடையது. எலிஹியோ வழக்கம்போல ஓரமாக, சுவரை ஒட்டி நடந்தார். பார்பர் கடை முக்கில் நிக்கானோர் நின்றார்.

"தோள் வலிக்குது. மாத்திக்கோ, கொம்பாத்ரே."

அவருக்குத் தோள் வலிக்கவில்லை என்று ஊருக்கே தெரியும். எலிஹியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கொம்புக்குக் கீழே தோளைக் கொடுத்தார். யாரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "கொஞ்சம் உசத்திப் பிடிங்க, அம்மா சாயறா" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் ஊர் அவரிடம் பேசியது. ஆனால் பேசியது.

மரிஸேலாவும் வந்திருந்தாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு. எலிஹியோ முன்னால் போய் நின்றார். கன்னத்தில் முத்தம் கொடுப்பதுதான் முறை. அவள் கையை நீட்டினாள்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. குழந்தை பேரு என்ன?"

"எலோதியா. அம்மா பேரு" என்றாள். குழந்தைக்கு வெயில் படுகிறது என்று உடனே நகர்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பம்புகள் நின்றன. அறுபது வருஷம் இரவும் பகலும் கேட்ட இரைச்சல். அது நின்ற பிறகு நாய்கள் குரைப்பதுகூட அதிகமாகக் கேட்டது. வீடு வீடாகப் பூட்டினார்கள். ஜனவரியில் மரிஸேலா தகப்பனை டெலிசியாஸுக்குக் கூட்டிப் போனாள். நிக்கானோர் துணி மெஷின் சாமான்களை ஏற்றிவிட்டு, "வாரம் ஒரு தடவ கூப்பிடறேன்" என்றார். கூப்பிட்டார், இரண்டு மாதம். பிறகு மாதம் ஒன்று. பிறகு பேத்தி, பள்ளிக்கூடம், முட்டி வலி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சொகோர்ரோவும் கூப்பிட்டாள். ஏப்ரலில் எலிஹியோ ஹுவாரெஸுக்குப் போனார், இனி வர மாட்டார் என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் திரும்பிவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அப்போதெல்லாம் நான் அவரிடம் பேச ஆரம்பித்திருந்தேன்.

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் பாத்துக்கிட்டா. காலைல கோயிலுக்குப் போறா, சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரிங்களோட சீட்டு ஆடறா. நான் போனதால சீட்டை நிறுத்திட்டா. ரெண்டு பேரும் டிவி முன்னாடி உக்காந்திருந்தோம். மூணாவது வாரம் நானே சொன்னேன், நீ போய் ஆடு, நான் ஊரைப் பாத்துட்டு வரேன்னு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா."

குகை அதற்குள் முழுகியிருக்கும். தண்ணீர் மறுபடி வந்தால் படிகம் மறுபடி வளரும் என்று ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தாராம். ஒரு தலைமுடி கனம் வளர நூறு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். "ஆகட்டும்" என்றார் எலிஹியோ. "அதுக்கென்ன அவசரம்."

அடுத்த டிசம்பர் நாலாம் தேதி ஊரில் மொத்தம் இருபத்து மூன்று பேர் இருந்தோம். தேர் தூக்க எட்டுத் தோள் தேறவில்லை. புனித பார்பராவை என் பிக்கப் வண்டியில் நிற்க வைத்துக் கயிற்றால் கட்டினேன். வாத்தியத்துக்குப் பதிலாக வண்டியின் ஸ்பீக்கர். கடும் குளிர்.

"முன்னாடி ஏறிக்குங்க" என்றேன் எலிஹியோவிடம்.

"நடந்தே வரேன். நீ மெதுவா ஓட்டு."

பூட்டிய கடைகளுக்கு நடுவே வண்டியை ஊர்ந்து ஓட்டினேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, புகைக்குழாய்க்கு நாலடி தள்ளி, வண்டியின் வேகத்துக்கே நடந்து வந்தார். நாலு ராக்கெட் விட்டோம், ஒன்று வெடிக்கவில்லை. எல்லாம் முடிந்து புனிதையைக் கோயிலுக்குள் இறக்கி வைத்த பிறகு என் மனைவி எல்லாரையும் சூப்பு குடிக்கக் கூப்பிட்டாள். எலிஹியோ தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"பீன்ஸ் அடுப்புல வெச்சிட்டு வந்திருக்கேன்" என்றார். "சரி, தொரிபியோ."

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள் என் மனைவி.

கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் சூப்பு ஆறுகிறது என்று யாரோ உள்ளேயிருந்து கத்தினார்கள். நாங்கள் போய்விட்டோம்.